மணிக்குள் எண் இருக்கிறதா?

43-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிடுகிறோம். உண்மையில் அதில் கவனக்குறைவே இல்லை. 3-லிருந்து 7 போகாது. 7-லிருந்து 3 போகும், மீதி 4. அடுத்து 4-லிருந்து 1 போனால் 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்ற விதியைப் பிள்ளை பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. அதன் கண்ணுக்கு 43 என்பது ஓர் எண் அல்ல, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு எண்கள்.

மரியா மாண்டிசோரியின் தங்கமணிகள் இந்த இடத்தைத்தான் தொடுகின்றன. ஒற்றை மணி என்றால் ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணி ஒரு சரம். பத்துச் சரங்களைச் சேர்த்துக் கட்டினால் நூறு மணிச் சதுரம். பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம் மணிக் கனசதுரம். தாளில் 1-க்கும் 1000-க்கும் நடுவே மூன்று சுழியங்கள்தான் வித்தியாசம். கையில் எடுத்தாலோ, ஒன்று விரல் நுனியில் நிற்கிறது, மற்றதைத் தூக்கச் சின்னப் பிள்ளைக்கு இரண்டு கையும் வேண்டும்.

இப்போது 43-ஐ மணிகளாக எடுத்து வைப்போம்: நான்கு சரம், மூன்று உதிரி மணி. ஏழு உதிரி மணி கொடு என்றால் பிள்ளையிடம் இல்லை. 'வங்கி'யாக வைத்திருக்கும் தட்டுக்குப் போய், ஒரு சரத்தைக் கொடுத்துப் பத்து உதிரி மணிகளாகச் சில்லறை மாற்றி வர வேண்டும். கரும்பலகையில் 4-ஐ அடித்து 3 ஆக்கி, பக்கத்தில் குட்டியாக ஒரு 1 போடும் வித்தை இங்கே வித்தையாகவே தெரிவதில்லை. கடைசியில் மிஞ்சுவது இரண்டு சரமும் ஆறு மணியும்.

இத்தாலிய மருத்துவரான மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியவர். 1939-ல், 69 வயதில், சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் குறுக்கிட்டதால் அவர் ஐரோப்பா திரும்ப 1946 ஆகிவிட்டது. நம் ஊரில் அவர் பெயரைப் பலகையில் தாங்கிய பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. மணிகளை உண்மையாகவே பிள்ளைகள் கையில் கொடுக்கும் பள்ளிகளைக் கொஞ்சம் தேட வேண்டும்.

சரி, மணியைக் கொடுத்துவிட்டால் கணக்கு வந்துவிடுமா? பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் 1952-ல் அறிமுகப்படுத்திய வண்ணக் கோல்களும் புகழ்பெற்றவை. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பத்து நீளம், பத்து வண்ணம். அவற்றை வகுப்பில் ஆர்வத்தோடு பயன்படுத்திய அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் பிற்பாடு ஓர் உண்மையை எழுதினார். கோலுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு பெரியவர்களுக்குப் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், அவர்களுக்கு எண்கள் ஏற்கெனவே தெரியும் என்பதுதான். தெரியாத பிள்ளைக்கு அவை வெறும் கலர்க் குச்சிகள்.

ஹோல்ட் வகுப்பில் கண்டதை உளவியலாளர் ஜூடி டிலோச்சின் சோதனைகள் வேறொரு பக்கத்திலிருந்து விளக்கின. ஓர் அறை, அதே அறையின் குட்டி மாதிரி. மாதிரியில் ஒரு பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, பெரிய அறையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதினருக்குத் தெரியவில்லை. 1987-ல் இது வெளியானது. பின்னால் செய்த மாற்றங்கள் இன்னும் சுவையானவை. மாதிரியை முன்கூட்டியே விளையாடக் கொடுத்தபோது, மூன்று வயதினரே தடுமாறினார்கள். அதையே கண்ணாடிக்குப் பின்னால் தொட முடியாமல் வைத்தபோது, இரண்டரை வயதினர் தேறினார்கள். ஒரு பொருளோடு அதிகம் விளையாடினால் அது வெறும் பொருளாகிவிடுகிறது. வேறொன்றைக் காட்டும் குறியாக அதைப் பார்ப்பது கடினமாகிறது.

2009-ல் உளவியலாளர் நிக்கோல் மெக்நீல் குழுவினர் பணக் கணக்குகளில் இதே வகைச் சிக்கலைக் கண்டார்கள். அசல் போலவே அச்சிட்ட நோட்டும் நாணயமும் வைத்துக் கணக்குப் போட்ட மாணவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள். ஆனால் கணக்கின் கருத்தையே தப்பாகப் புரிந்துகொள்ளும் வகைத் தவறு அவர்களிடம் குறைவு. 55 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வந்த கட்டுரையும், கைப்பொருள்களால் பயன் உண்டு, ஆசிரியரின் வழிகாட்டல் கூடும்போது அது பெருகுகிறது என்றது.

என் பார்வையில், யானை, மாம்பழ வடிவப் பிளாஸ்டிக் பொம்மைகளைவிட ஈர்க்குச்சிக் கட்டு மேல். செலவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. ஈர்க்குச்சி தன்னளவில் சுவாரசியமற்றது; எண்ணத்தான் உதவும். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்ட கட்டை அவிழ்த்தால் உள்ளே பத்தும் இருக்கின்றன. மணிச் சரத்தை அவிழ்க்க முடியாது, மாற்றத்தான் முடியும். பத்து ரூபாய் நோட்டுக்குள் பத்து ஒற்றை ரூபாய் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, அங்கே எல்லாம் நம்பிக்கைதான். தாளில் எழுதிய இலக்கம் அதற்கும் ஒரு படி அப்பால். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் பிள்ளையிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்கிறது. பல வகுப்புகளில் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்கு ஒரே தாவல். திங்கள்கிழமை குச்சி, செவ்வாய்க்கிழமை நோட்டுப் புத்தகம்.

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966-லேயே செயல், படம், குறியீடு என்று மூன்று நிலைகளைப் பிரித்திருந்தார்; சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தை அந்த வழியில் அமைத்துக்கொண்டது. நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. குச்சியை எடுக்கும்போதே பக்கத்தில் எண்ணையும் எழுதச் செய்யலாம். சில நாள் கழித்துக் குச்சிக்குப் பதில் கோடும் புள்ளியும் வரையச் சொல்லலாம். பிறகு 52 என்று எழுதிக் காட்டி, "இதில் அவிழ்க்கக்கூடிய கட்டு எது?" என்று கேட்க வேண்டும். பிள்ளை 5-ஐத் தொட்டால், மறுநாள் குச்சியை மேசைக்குள் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். 2-ஐத் தொட்டால் இன்னும் சில நாள் குச்சி வெளியே இருக்கட்டும்.