கட்-ஆஃப் 170... கன்னி ஆட்டுக்கு யாரு டாக்டர்?

மே மாசத்துக் காலை. ரிசல்ட் வந்து பத்து நிமிஷம்தான் ஆகுது. செல்போனைக் கவுத்து வெச்சுட்டு திண்ணைத் தூண்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கா அந்தப் பொண்ணு. பயாலஜி 86, பிசிக்ஸ் 81, கெமிஸ்ட்ரி 87. எதிர்வீட்டுல இருந்து ஒரு குரல்... ''மதினி, மக பாஸாமுல்ல? மிட்டாயைக் காணோம்!'' அம்மா சிரிக்கிறாங்க. பொண்ணு சிரிக்கலை.

அவளுக்குப் பேர் வேண்டாம். கற்பனைப் பொண்ணுதான். ஆனா, உங்க வீட்டுத் தங்கச்சியா இருக்கலாம். போன வருஷத்து நீங்களாகவே இருக்கலாம். ஊரை மட்டும் ஆனைக்குட்டம்னு வெச்சுக்குவோம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல, அர்ச்சுனா நதியோட அணைக்கட்டால பேர் தெரிஞ்ச ஊர். விருதுநகர்க்காரங்க குடத்துல நிரம்புற தண்ணிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு.

மாவட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். ப்ளஸ் டூ தேர்ச்சி சதவிகிதத்துல வருஷக்கணக்கா முதலிடத்தை விட்டுக்கொடுக்காம இருந்த மாவட்டம் விருதுநகர். அதனால இங்கே 'பாஸா?'ங்கிறது தெருவே சேர்ந்து கேட்கிற கேள்வி. 'கட்-ஆஃப் என்ன?'ங்கிறது பொண்ணு மட்டும் தனியா உட்கார்ந்து மனசுக்குள்ள கேட்டுக்கிற கேள்வி. மத்தவங்க மிட்டாய் கேட்கும்போது நாம மட்டும் அழுதா எப்படி இருக்கும்? அதான் அந்தத் தூண்.

அவளுக்கு வேண்டியது பி.வி.எஸ்சி. கால்நடை மருத்துவம். ஏன்னு கேட்டா ஆட்டைக் காட்டுவா.

பட்டாசு ஆலையை இந்தப் பக்கம் யாரும் ஆலைன்னு சொல்றதில்லை, 'ஆபீஸ்'தான்! அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போறாங்க. மழை பெய்ஞ்சா வேலை இல்லை. காயப்போட வெயில் வேணுமே. தீபாவளி முடிஞ்சா கொஞ்ச நாள் ஓட்டம் நிக்கும். 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சரவெடிக்குத் தடை போட்டப்போ, சரம் பின்னுன கைகள் பல நாள் சும்மா இருந்தது. இந்த மாதிரி நாள்ல வீட்டைத் தாங்குறது ஆடு. ஸ்கூல் ஃபீஸா, ஆஸ்பத்திரிச் செலவா... ஒரு கிடாயைப் புடிச்சுக்கிட்டு சந்தைக்குப் போனா முடிஞ்சது. கொட்டாய்ல கட்டிவெச்ச பேங்க்!

அதுலயும் கன்னி ஆடு இந்த மண்ணோட சொத்து. கறுப்பு உடம்பு, முகத்துல ரெண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையா இருந்தா 'பால்கன்னி', செம்மண் நிறத்துல இருந்தா 'செங்கன்னி'. பக்கத்துலயே வேம்பூர் செம்மறி. கொஞ்சம் மேற்கே போனா, 2005-ல தபால்தலையிலயே இடம்புடிச்ச ராஜபாளையம் நாய். ஊரைச் சுத்தி இத்தனை உயிர்கள் இருக்கிற இடத்துல 'ஏன் வெட்னரி?'ன்னு கேட்கிறதே தப்பு.

அவ பத்தாவது படிக்கிறப்போ நடந்ததுன்னு வெச்சுக்கோங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் தரிசெல்லாம் பச்சை. ஆடுகள் வயிறு முட்ட இளம்புல் மேய்ஞ்சுது. மறுநாள் காலையில நல்லா இருந்த செம்மறி ஒண்ணு துள்ளித் துள்ளி விழுந்து செத்துப்போச்சு. மத்தியானம் இன்னொண்ணு. பேரே 'துள்ளுமாரி'. திடீர்னு கொழுத்த தீனி கிடைச்சதும் குடல்ல இருக்கிற ஒரு பாக்டீரியா பெருகி விஷத்தைக் கக்கும். மருந்து கொடுக்கக்கூட நேரம் கிடைக்காது. ஆனா, மழைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தடுப்பூசி போட்டிருந்தா இது நடந்தே இருக்காது. அந்த 'முன்னாடியே' அவ மனசுல முள்ளா நின்னுடுச்சு. சாமி குத்தம்னு வீட்டுல சொன்னாங்க. அவ பயாலஜி குரூப் எடுத்தா.

இப்போ கணக்குக்கு வருவோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், சுருக்கமா தனுவாஸ். மாநில இடங்களுக்கு அங்கே நீட் கிடையாது. ப்ளஸ் டூ மார்க்தான். 2007 சேர்க்கையில இருந்து மாநில நுழைவுத்தேர்வும் போயாச்சு. பயாலஜி 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து 100, ஆக 200-க்குக் கட்-ஆஃப். தாவரவியல், விலங்கியல்னு தனித்தனியா படிச்சவங்களுக்கு ரெண்டையும் சேர்த்து நூறுக்கு மாத்திக்குவாங்க. நம்ம பொண்ணுக்குப் பயாலஜி 86. பிசிக்ஸ் 81, கெமிஸ்ட்ரி 87 ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா 84. மொத்தம் 170. அவ எதிர்பார்த்தது 190.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு மக்கா. பயாலஜியில நாலு மார்க் கூடினா கட்-ஆஃப்ல முழுசா நாலு ஏறும். பிசிக்ஸ்ல நாலு கூடினா ரெண்டுதான். அதனால ரிசல்ட் வந்த வாரத்துல அழுதுக்கிட்டே செய்ய வேண்டிய முதல் வேலை, எந்தப் பேப்பர்ல சந்தேகமோ அதோட விடைத்தாள் நகலுக்கு அப்ளை பண்றது. முதல் இடம் பயாலஜிக்கு. நகல் கைக்கு வந்ததும் பாடம் எடுத்த டீச்சர்கிட்ட கொண்டுபோய்க் காட்டி, அப்புறம் மறுகூட்டலா மறுமதிப்பீடான்னு முடிவு பண்ணலாம். நகல் வாங்காம நேரா மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. இதுக்கெல்லாம் கொடுக்கிற அவகாசம் சில நாள்தான். அந்த நாள்களை நம்ம ஆளுங்க பெரும்பாலும் போர்வைக்குள்ள கழிச்சுடுறாங்க!

அடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. ''170-க்கு எங்கே கிடைக்கப்போகுது?''ன்னு அப்ளிகேஷனே போடாம விடுறது. ஃபிரெண்ட்ஸ் முன்னாடி பேர் ரேங்க் லிஸ்ட்ல கீழே வந்துட்டா அசிங்கமாம். பாஸ், லிஸ்ட்ல கீழே இருக்கிறவன் மேலே ஏற வாய்ப்பு இருக்கு. லிஸ்ட்லயே இல்லாதவன் எங்கே ஏறுவான்?

ஏறுமா? ஏறும். எவ்வளவுன்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2024-ல ஏழு காலேஜ்லயும் சேர்த்து 660 பி.வி.எஸ்சி. இடங்கள். 1903-ல ஆரம்பிச்ச சென்னை வேப்பேரி காலேஜும், 1985-ல வந்த நாமக்கல்லும்தான் ரொம்ப காலத்துக்கு மொத்தக் கடையே. 2012-ல திருநெல்வேலியும் ஒரத்தநாடும் சேர்ந்தது. 2020-ல தேனி, உடுமலைப்பேட்டை, தலைவாசல். அக்கா காலத்துல வெட்னரின்னா மெட்ராஸுக்கு ரயில் ஏறணும். தங்கச்சி ராமையன்பட்டிக்கு பஸ்லயே போயிடலாம். விதிப்படி 15 சதவிகிதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதியில 69 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கு. அதனால பேப்பர்ல வர்ற பொதுப்பிரிவு கட்-ஆஃபைப் பார்த்துப் பயப்படாம, உங்க பிரிவோட பட்டியலைப் பாருங்க. தொழிற்கல்வி குரூப் படிச்சவங்களுக்குத் தனிக்கணக்கு. லிஸ்ட்டோட தலையில நிக்கிறவங்கள்ல நிறைய பேர் நீட்டும் எழுதினவங்க. எம்.பி.பி.எஸ். கிடைச்சா அங்கே போயிடுவாங்க. அந்தக் கவுன்சலிங் நகர நகர இங்கேயும் நகரும்.

அப்புறம் 7.5 சதவிகிதம். அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரை படிச்சவங்களுக்கான உள்ஒதுக்கீடு. 2021-ல வந்த சட்டத்தால இன்ஜினீயரிங், விவசாயத்தோட வெட்னரிக்கும் கிடைச்சது. இதுல வர்றவங்களோட படிப்புச் செலவையும் அரசே பார்த்துக்குது.

ஆனா, விருதுநகர் பக்கத்துல இதுல ஒரு கண்ணிவெடி உண்டு. இங்கே பள்ளிக்கூடம்னாலே உறவின்முறைகள் ஆரம்பிச்சதுதான் நிறைய. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் வளர்த்த ஊர்ங்க இது. காமராஜர் படிச்ச சத்திரிய வித்யாசாலையே அப்படி வந்ததுதான். அந்தப் பள்ளிகள் பலவும் 'அரசு உதவிபெறும்' பள்ளிகள். சீருடை, ஃபீஸ் எல்லாம் பார்த்துட்டு ''நாங்களும் கவர்மென்ட் ஸ்கூல்தான்''னு நம்பிக்கிட்டு இருக்கிற பசங்க ஏராளம். 7.5-க்கு உதவிபெறும் பள்ளி கணக்குல வராது. நம்ம பொண்ணு ப்ளஸ் ஒன்னுக்கு 'நல்ல ஸ்கூல்'னு டவுன்ல இருக்கிற எய்டட் பள்ளிக்கு மாறியிருந்தா, அந்த ரெண்டு வருஷம் அவளை இந்த வரிசையில இருந்து வெளியே தள்ளியிருக்கும். பசங்களுக்கு இதை ப்ளஸ் டூ முடிஞ்சு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வீட்டுல எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா இன்னிக்கு ராத்திரியே சொல்லிடுங்க. எனக்கு இந்த விதி சரின்னுதான் படுது. ஆனா, அதை ஒன்பதாம் கிளாஸ்லயே போர்டுல எழுதிப் போட்டிருக்கணும்.

சரி, எல்லாம் போட்டும் கிடைக்கலைன்னா?

பி.டெக். இருக்கு. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் ரெண்டும் சென்னைக்குப் பக்கத்துல கொடுவளியில; கோழியினத் தொழில்நுட்பம் ஓசூர்ல. இதே தனுவாஸ்தான். நாலு வருஷம். சில படிப்புக்கு மேத்ஸ் கேட்பாங்க, விளக்கக் குறிப்பேட்டைப் படிச்சுட்டு டிக் பண்ணணும். ஆனா, ஒண்ணு தெளிவா இருக்கட்டும்... இது ஆட்டைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற படிப்பு இல்லை. 'வெட்னரி மாதிரி'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிடிச்சிருந்தா சேருங்க, ஆறுதலுக்காகச் சேராதீங்க.

இன்னொரு வழி, நீட். அகில இந்திய ஒதுக்கீட்டு வெட்னரி இடங்களை நீட் மார்க்கை வெச்சு நிரப்புறாங்க. புதுச்சேரியில குரும்பாபேட்டையில இருக்கிற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் நீட்தான். ப்ளஸ் டூ மார்க்கை மாத்த முடியாது. நீட் மார்க்கை அடுத்த வருஷம் மாத்தலாம். அதுக்கு ஒரு வருஷம் வேணும். கோச்சிங்குக்குப் பணம் வேணும். பட்டாசு ஆபீஸ் சம்பளத்துல ஒரு வருஷங்கிறது சின்ன வார்த்தை இல்லை. 'கனவைத் துரத்து'ன்னு மேடையில பேசுறவங்க யாரும் அந்த மாசாந்திரச் செலவைக் கட்டப்போறதில்லை. அதனால வீட்டுல உட்கார்ந்து, எவ்வளவு பணம், எந்த மாசம் வரைக்கும், அதுக்குப் பிறகும் வரலைன்னா என்னன்னு பேப்பர்ல எழுதிட்டு முடிவெடுங்க. பி.எஸ்சி. விலங்கியல் முதல் வருஷம் சேர்ந்துக்கிட்டே மறுபடி எழுதுறவங்களும் உண்டு. ஆனா, பி.எஸ்சி. முடிச்சுட்டு நேரா பி.வி.எஸ்சி. ரெண்டாம் வருஷத்துல குதிக்கலாம்னு யாரோ சொல்லியிருந்தா, அந்த யாரோவை மறந்துடுங்க.

மறக்க வேண்டிய இன்னொரு ஆளும் இருக்காரு. ரிசல்ட் வந்த மறுநாளே போன் பண்ணி, ''வெளிமாநிலத்துல சீட் ரெடி தம்பி, அட்வான்ஸ் மட்டும் போடுங்க''ங்கிற அண்ணாச்சி. 1984-ம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி அங்கீகாரம் உள்ள டிகிரி இருந்தாத்தான் டாக்டரா பதிவு பண்ணி வைத்தியம் பார்க்க முடியும். குழுமத்தோட பட்டியல்ல அந்தக் காலேஜ் பேர் இருக்கான்னு கேளுங்க. அண்ணாச்சி அப்புறம் போன் எடுக்க மாட்டாரு.

படிப்பு மொத்தம் அஞ்சரை வருஷம். நாலரை வருஷம் கிளாஸ், ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். முடிச்சுட்டு டி.என்.பி.எஸ்.சி. எழுதி கால்நடை உதவி மருத்துவராகலாம். இப்போ 1962-க்கு அடிச்சா வைத்தியம் பார்க்க வண்டியே வாசலுக்கு வருது. அதுக்குள்ளேயும் ஒரு டாக்டர் வேணும்தானே!

ஆனைக்குட்டத்துல சாயங்காலம் ஆகிடுச்சு. அம்மா ஆபீஸ்ல இருந்து வந்துட்டாங்க. கை விரல்ல இன்னும் மருந்து வாசனை. பொண்ணு செல்போனை நிமிர்த்தி, மறுபடியும் அதே மூணு நம்பரைப் பார்க்கிறா. அப்புறம் நோட்டு எடுத்து எழுதுறா. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், விடைத்தாள் நகலுக்குக் கடைசித் தேதி...

''170-ன்னா அது கொறச்சலாடி?''

''கொறச்சல்தாம்மா.''

''பின்ன என்னத்த எழுதுற?''

''அப்ளிகேஷனுக்குப் பணம் வேணும்மா.''

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. கொட்டாய்ல பால்கன்னி ஒண்ணு கத்துது. ''சந்தை என்னிக்கு?''ன்னு கேட்கிறாங்க.