மலைப் பாதையும் மிதிவண்டிச் சுருள்வில்லும்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

கோடைக்கானல் என்றதும் நம்மில் பலருக்கு ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் மிதிவண்டிதான் நினைவுக்கு வரும். 1863ஆம் ஆண்டில் லெவிஞ்ச் துரை அமைத்த அந்த ஏரியைச் சுற்றிவரும் தார்ச்சாலைக்குச் சாதாரண மிதிவண்டியே போதும். ஆனால் பழனி மலையின் ஒற்றையடிப் பாதைகள் அப்படிப்பட்டவை அல்ல. வேரும் கல்லும் நிறைந்த சரிவில் சக்கரம் தரையைத் தொட்டிருந்தால்தான் பிரேக்குக்குப் பலன் உண்டு. சக்கரம் அந்தரத்தில் துள்ளினால் வண்டி நம் வசத்தில் இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டமால்பாயிஸ் மலைப்பகுதியில் 1976இல் இளைஞர்கள் பழைய மிதிவண்டிகளில் சரிவுப் பந்தயம் நடத்தினர். அத்தகைய முயற்சிகளிலிருந்தே மலை மிதிவண்டி வளர்ந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. அதன் பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வந்தது. அதில் சுருள்வில் அதிர்ச்சியைத் தாங்குகிறது. உள்ளிருக்கும் எண்ணெய் அதன் துள்ளலை அடக்குகிறது.

கோடைக்கானலில் வசிக்கும் என் பெரியப்பா மகன் இத்தகைய வண்டியொன்றைப் பழையதாக வாங்கினார். இறக்கத்தில் பின்சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளியது. சுருள்வில்லில் ‘500 × 2.5’ என்று பொறித்திருந்தது. அதை ஓரங்குலம் அழுத்த 500 பவுண்டு விசை தேவை. இரண்டரை அங்குலம் வரை அழுத்தலாம் என்பது பொருள். முந்தைய உரிமையாளர் நல்ல பருமனான மனிதர். அண்ணனோ பை, தண்ணீர் உட்பட 70 கிலோதான்!

ஏற்ற வில் எது? ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியே இங்கு விடை தருகிறது: விசை எவ்வளவோ, அழுக்கமும் அவ்வளவு. 70 கிலோவில் பின்சக்கரத்தின் மேல் விழுவது சுமார் 45 கிலோ, அதாவது 100 பவுண்டு. சக்கரம் 150 மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் 60 மில்லிமீட்டர் அமுங்குகிறது. நெம்புகோல் விகிதம் 2.5. எனவே வில்லின் மேல் வரும் விசை 250 பவுண்டு. ஆள் ஏறி அமர்ந்ததும் ஷாக் தன் முழு அழுக்கத்தில் 30 விழுக்காடு, அதாவது 18 மில்லிமீட்டர், அமுங்குவது நன்று. இது 0.71 அங்குலம். வகுத்தால் ஏறத்தாழ 350. ஆகவே அதே அளவில் 350 எண்ணுள்ள வில்லை வாங்கினோம்.

மாற்றுவது கடினமன்று. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஷாக்கின் இரு போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். மரையுள்ள வளையத்தைக் கையால் தளர்த்தினால் வில் தொளதொளக்கும். அதன் மறுமுனையிலுள்ள பிளவுத் தட்டை எடுத்துவிட்டு வில்லை உருவலாம். எண்ணெய்க் குழாயை மட்டும் திறக்கலாகாது. உள்ளே வாயு மிகுந்த அழுத்தத்தில் இருக்கக்கூடும். புது வில்லின் உள்விட்டம் பொருந்துகிறதா என்று பார்த்துச் செருகி, தட்டைச் சரியாக அமர்த்தி, ஆட்டம் நிற்கும் வரை வளையத்தைத் திருகி, மேலும் ஒரு சுற்று கொடுத்தோம். போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்கினோம்.

பிறகு சோதனை. இரு போல்ட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆள் இல்லாமலும், அண்ணன் பையுடன் அமர்ந்த நிலையிலும் அளந்தேன். வித்தியாசம் 17 மில்லிமீட்டர். பழைய வில்லில் அது 12தான். வனத்துறை அனுமதிக்கும் பாதையில் ஓட்டிப் பார்த்தபோது பின்சக்கரம் தரையோடு ஒட்டி வந்தது.

வளையத்தைத் திருகியே எல்லாவற்றையும் சரிசெய்யலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். வளையம் வில்லின் தொடக்க விசையைத்தான் மாற்றும். அதன் விறைப்பை மாற்றாது. மென்மையான வில்லை அளவுக்கு மீறித் திருகினாலும், விறைப்பான வில்லை ஆட்டம் காணுமளவு தளர்த்தினாலும் ஆபத்தே. ஆளின் எடைக்கேற்ற வில்லைத் தேர்வதே முறை.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு நாம் வரையும் நேர்கோடு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. மலைச்சரிவில் ஒருவரின் எலும்பைக் காப்பதும் அதே கோடுதான்.