மனை விற்பனைத் தரகர்களை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள்

வீடு, மனை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, அதற்காகக் கட்டணம் பெறுபவர் மனை விற்பனைத் தரகர் எனப்படுகிறார். சட்டம் இவரை ‘முகவர்’ என்கிறது. இந்தியாவில் இத்தொழிலுக்கென நாடு முழுமைக்குமான விதிகள் நெடுங்காலம் இல்லை. 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம்தான் தரகர்களுக்கு முதன்முறையாகப் பதிவையும் கடமைகளையும் தண்டனையையும் வகுத்தது. இது சுருக்கமாக ‘ரெரா’ என வழங்கப்படுகிறது. இச்சட்டம் எதை மாற்றியது, எதை மாற்றாமல் விட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய நிலை

ரெராவுக்கு முன் தரகர்களுக்குப் பொருந்திய பொதுச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆகும். முகவர் தம்மை நியமித்தவரின் சொற்படி நடக்க வேண்டும், கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும், அவருக்குத் தெரியாமல் அந்த வணிகத்தில் சொந்த ஆதாயம் தேடக் கூடாது என அது கூறுகிறது. இவை இன்றும் நடைமுறையில் உள்ள நல்ல விதிகளே.

ஆனால் இவற்றில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, இக்கடமைகள் தரகரை நியமித்தவருக்கு மட்டுமே உரியவை. விற்பவர் நியமித்த தரகர், வாங்குபவருக்கு இவ்விதிகளின்படி கடமைப்பட்டவர் அல்லர். இரண்டாவது, யார் வேண்டுமானாலும் தரகர் ஆகலாம் என்பதால், தவறு செய்தவரை அத்தொழிலிலிருந்து விலக்க வழியில்லை. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தையோ நுகர்வோர் மன்றத்தையோ நாட வேண்டியிருந்தது. சில மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றின. ஹரியானா 2008இல் தரகர்களுக்கு உரிமம் கட்டாயம் எனச் சட்டம் கொண்டுவந்தது.

இக்குறையின் விளைவைத் தமிழ்நாட்டில் நேரடியாகக் காண முடிந்தது. விளைநிலங்கள் முறையான ஒப்புதல் இன்றி மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. கையிருப்பையெல்லாம் போட்டு மனை வாங்கியவர்களால் அவற்றை விற்க முடியவில்லை. தடை பின்னர் தளர்த்தப்பட்டது. 2017இல் அம்மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டமும் வந்தது. எனினும் அதற்கான கட்டணமும் அலைச்சலும் வாங்கியவர் தலையிலேயே விழுந்தன. அந்த மனைகளைக் காட்டி விற்றுக்கொடுத்த தரகர், ஒப்புதல் உண்டா எனப் பார்த்திருக்க வேண்டும் என்று அன்று எந்தத் தனிச் சட்டமும் சொல்லவில்லை.

ரெரா கொண்டுவந்த மாற்றங்கள்

நாடாளுமன்றம் 2016 மார்ச்சில் நிறைவேற்றிய இச்சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதனைத் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம் செயல்படுத்துகிறது.

தரகர், புரோக்கர், இடைத்தரகர் என எப்பெயரில் அழைக்கப்பட்டாலும், கட்டணம் பெற்று இருதரப்பையும் அறிமுகம் செய்பவர் அனைவரும் முகவரே எனச் சட்டம் வரையறுக்கிறது. எந்த ஊடகத்தின் வழியாக அறிமுகம் செய்தாலும் இது பொருந்தும். பதிவு பெறாமல் இவர்கள் பதிவுபெற்ற திட்டத்தின் விற்பனையில் ஈடுபடக் கூடாது. ஒருமுறை பெறும் பதிவு மாநிலம் முழுவதற்கும் செல்லும். நடத்திக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

சட்டத்தின் 10ஆம் பிரிவு தரகரின் கடமைகளைக் கூறுகிறது:

• பதிவு செய்யப்படாத திட்டத்தின் மனையையோ வீட்டையோ விற்க உதவக் கூடாது.
• கணக்குகளையும் ஆவணங்களையும் பேணிக் காக்க வேண்டும்.
• இல்லாத ஒப்புதலை இருப்பதாகச் சொல்லுதல் போன்ற முறையற்ற வணிகச் செயல்களில் ஈடுபடக் கூடாது.
• முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் அவர் கைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இவற்றுள் முதலாவதும் கடைசியும் முக்கியமானவை. யார் நியமித்த தரகராக இருந்தாலும், வாங்குபவர் மீதும் அவருக்குப் பொறுப்பு உண்டு என்பது இவற்றின் பொருள்.

பதிவு இன்றித் தொழில் செய்தாலோ கடமைகளை மீறினாலோ நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். அபராதத்தின் மொத்தம், விற்றுக்கொடுத்த சொத்தின் மதிப்பில் 5 விழுக்காடு வரை போகலாம். 50 லட்சம் ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 விழுக்காடு தரகு என்றால் தரகருக்குக் கிடைப்பது 1 லட்சம். அபராதமோ 2.5 லட்சம் வரை எட்டலாம். மோசடி செய்து பெற்ற பதிவை ரத்து செய்யவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பாதிக்கப்பட்டவர் தரகர் மீது ஆணையத்திடம் நேரடியாகப் புகார் அளிக்கலாம்.

சட்டம் எட்டாத இடங்கள்

ரெரா, தரகரின் வேலையை வைத்து எல்லை வகுக்கவில்லை. அவர் விற்கும் திட்டத்தை வைத்தே வகுத்தது. ஆகவே கட்டுமான நிறுவனத்தின் புதிய குடியிருப்பை விற்கும்போது சட்டத்துக்கு உட்படும் அதே தரகர், மறுநாள் ஒரு பழைய தனி வீட்டை விற்றுக்கொடுக்கும்போது பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கிறார். வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும், விளைநிலம் விற்பதும் இதில் அடங்கா. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், 8 வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் பதிவு கட்டாயமில்லை.

இரண்டாவது குறை தரகுத்தொகை பற்றியது. தொகை எவ்வளவு இருக்கலாம் எனச் சட்டம் வரையறுக்கவில்லை. இருபுறமும் தரகு பெறுவதை அது தடுக்கவில்லை. விலை உயர்ந்தால் தரகும் உயரும் நிலையில், விலையைக் குறைத்துப் பேசும்படி வாங்குபவர் அதே தரகரை நம்பியிருக்கிறார். மூன்றாவது குறை முன்பணம் பற்றியது. கட்டுமான நிறுவனம், வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். தரகர் கையில் கொடுக்கும் பணத்துக்கு அப்படியொரு தனிக்கணக்கு விதி இச்சட்டத்தில் இல்லை.

தொழில் தகுதி குறித்தும் தேசியச் சட்டம் எதையும் கோரவில்லை. மகாராஷ்டிர ஆணையம் 2023இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கி இக்குறையை ஓரளவு நிரப்பியது.

பிற நாடுகளின் வழி

பிரிட்டனில் தரகராவதற்கு உரிமம் தேவையில்லை. ஆயினும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடிக்கையாளரின் முன்பணத்தைத் தரகர் தனிக்கணக்கில் வைக்க வேண்டும். சிங்கப்பூர் 2010இல் புதிய சட்டம் இயற்றித் தனி ஆணையம் அமைத்தது. அங்கே ஒரு தரகர் ஒரே விற்பனையில் இருதரப்புக்கும் பணியாற்ற முடியாது; வீடு விற்பனைக்கான பணத்தைக் கையாளவும் கூடாது. அவர் தேர்வில் தேறியிருக்க வேண்டும், பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, 2023 டிசம்பர் முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. தரகர் தம் சேவையைத் தொடங்கும் முன்பே, வாடிக்கையாளரின் உரிமைகளை விளக்கும் கையேட்டைத் தர வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

பணம் கொடுக்கும் முன்

• தரகரின் பதிவு எண்ணையும் திட்டத்தின் பதிவு எண்ணையும் கேட்டு, ஒழுங்குமுறைக் குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்க்கவும்.
• தரகர் எதிர்த்தரப்பிடமும் தரகு பெறுகிறாரா எனக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். பேசிய தொகையை எழுத்தில் வாங்கவும்.
• முன்பணத்தை விற்பவரின் வங்கிக் கணக்கிற்கே செலுத்தவும். கட்டுமான நிறுவனம், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இன்றி 10 விழுக்காட்டுக்கு மேல் பெற முடியாது.
• பழைய வீடு அல்லது தனி மனை எனில், வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டவும். ரெராவின் பாதுகாப்பு பெரும்பாலும் இங்கு இல்லை என்பதால் இந்தச் சோதனை மிகவும் அவசியம்.

பதிவும் தண்டனையும் வந்துவிட்டதால் தரகுத் தொழில் முழுவதும் ஒழுங்குக்குள் வந்துவிட்டது எனக் கொள்ள இயலாது. பழைய வீடு வாங்குபவருக்கும் புதுக் குடியிருப்பு வாங்குபவருக்கும் ஒரே அளவு பாதுகாப்புக் கிடைக்க வேண்டுமானால், விற்கப்படும் திட்டத்தைப் பார்க்காமல் தரகர் செய்யும் வேலையைப் பார்த்துச் சட்டத்தின் எல்லையை வகுக்க வேண்டும்.