காற்றடித்தும் நிறுத்தாத தட்டு

மெசின் அளவுக்குமேல் அதிர்ந்தால் நாங்கள் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு சுப்பவைசரைத் தேடுவோம். அவர் அநேகமாகக் கண்ணாடி அறைக்குள் இருப்பார்.

அவுஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னும் ஊருக்குப் பக்கத்தில் 64 மீற்றர் அகலமான வானொலித் தொலைகாட்டி உண்டு. விண்ணிலிருந்து வரும் மெல்லிய அலைகளை வாங்கும் இராட்சதத் தட்டு அது. 1969இல் அதன் பொறுப்பாளர் ஜோன் போல்ற்றன். அவ்வருடம் யூலை 21ஆம் திகதி, அப்போலோ 11 அனுப்பும் படத்தைப் பிடிக்க, தட்டை நன்றாகச் சரித்துவைத்துச் சந்திரன் எழும்பும்வரை காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தது. சரிந்த தட்டு தாங்கவேண்டிய அளவை அது எப்போதோ தாண்டிவிட்டது. கட்டுப்பாட்டு அறையோ தட்டுக்கு நேர்கீழே, கோபுரத்துக்குள். கோபுரமே ஆடியது. போல்ற்றன் நிறுத்தவில்லை. ஆனால் அவரும் அதே கோபுரத்துக்குள்தான் நின்றார்!

துணிவு மட்டும் படத்தைக் கொண்டுவரவில்லை. முன்கூட்டியே இரண்டு அலைவாங்கிகள் பூட்டியிருந்தார்கள். பிரதான வாங்கிக்குச் சந்திரன் எட்டுமுன்னரே பக்கத்து வாங்கி படத்தைப் பிடித்துவிட்டது. ஒளிபரப்புத் தொடங்கிச் சுமார் 9 நிமிடத்தில் நாசா பார்க்ஸின் படத்துக்கு மாறியது. மிச்சம் முழுவதும் உலகம் பார்த்தது அதைத்தான்.

போல்ற்றன் செய்தது சரியா? எங்களுக்குள் இதில் இரண்டு கட்சி. அந்தத் தட்டு இன்றும் வேலைசெய்கிறது. காற்றுக் கூடினால் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி நிறுத்திவிடுகிறார்கள்.