மழையில் நனையாத சைக்கிள் பொதி
இருபது லிட்டர் 'டிரை பேக்' இரண்டு, ஒரு பலகை, பழைய ட்யூப்... வீட்டிலேயே செய்யலாம் பக்கப் பை!

ஆனி பிறந்தாலே மதுக்கரைப் பக்கம் காற்று மாறிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கூடவே சாரலையும் கொண்டுவரும். கொட்டித் தீர்க்கும் மழை இல்லை, ஆனால் விடாது. விடிவதற்கு முன் கீரைக்கட்டையோ கறிவேப்பிலையையோ சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுந்தராபுரம் உழவர் சந்தைக்குக் கிளம்புகிறவருக்கு இந்தச் சாரல்தான் பெரிய தொல்லை. கீரை நனைந்தால் பரவாயில்லை. அதே மூட்டையில் இருக்கும் சின்ன வெங்காயம் நனைந்தால் இரண்டே நாளில் அழுகும். திரும்பி வரும்போது வாங்கிவரும் ரேஷன் அரிசி, யூரியா, விதைப் பொட்டலம், பால் சொசைட்டி புத்தகம், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

கேரியர்மேல் சாக்கைப் போட்டு, ட்யூப் கயிறால் இறுக்கிக் கட்டுவதுதான் வழக்கம். அதில் இரண்டு சங்கடங்கள். சாக்கு நனையும் என்பது ஒன்று. பாரம் முழுவதும் மேலே இருப்பதால் பள்ளத்தில் இறங்கும்போது சைக்கிள் ஒரு பக்கம் சாயும் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது, கேரியரின் இருபுறமும் தொங்கும் பக்கப் பை. வெளிநாட்டுச் சைக்கிள் பயணிகளுக்காக விற்கும் பைகள் ஒரு ஜோடியே ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. அதே வேலையைச் செய்யும் பையை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'டிரை பேக்'கை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பொதிமாட்டுக் கணக்கு

இரு பக்கமும் சமமாகத் தொங்கவிடும் யோசனை புதியது அல்ல. வண்டிப்பாதை இல்லாத காலத்தில் உப்பும் தானியமும் கணவாய்களைக் கடந்தது பொதிமாடுகளின் முதுகில்தான். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள் சுமந்து போவதைப் பத்திரிகைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் எடை கூடினால் பொதி சரியும், மாட்டின் முதுகு புண்ணாகும். சைக்கிளுக்குப் புண் வராது. ஓட்டுகிறவரின் கைக்குத்தான் வரும்.

நனையாத பக்கப் பை வந்த கதை சுவையானது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்பவர் 1981-இல் இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போனார். விடாத மழை, அவருடைய பைகள் எல்லாம் ஊறிப்போயின. சாலையில் போன லாரிகளின் சரக்கு மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்தபடியே இருந்தது. ஊர் திரும்பியவர் அந்த லாரித் தார்ப்பாயையே வெட்டிப் பை தைத்தார். மறு ஆண்டே அது ஒரு தொழிலானது. தைத்த இடத்தில் ஊசித்துளை வழியே நீர் கசியும் என்பதால், பிறகு அந்தப் பைகளைத் தைக்காமல் சூட்டில் ஒட்டும் முறை வந்தது. இன்று சந்தையில் கிடைக்கும் மலிவு டிரை பேக்குகளும் இதே வகைதான்: பிவிசி பூசிய துணி, சூட்டில் ஒட்டிய ஓரம், உருட்டி மூடும் வாய்.

சிமென்ட் சாக்கில் ஆகாதா?

மதுக்கரையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1930-களிலிருந்து சிமென்ட் ஆலை இருக்கும் ஊர்; சாக்குக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சிமென்ட் மூட்டையை மழைக்காலத்தில் வெறும் தரையில் அடுக்கினால் உள்ளேயே கல்லாகிவிடும் என்பதும் இந்த ஊருக்குத் தெரிந்ததுதான். நெய்த பிளாஸ்டிக் சாக்கின் இழைகளுக்கு நடுவே ஈரம் போகும். அதோடு, ஒட்டியிருக்கும் சிமென்ட் தூள் நனைந்தால் கையைப் புண்ணாக்கும்.

யூரியா சாக்கையும் உணவுப் பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம். பூச்சிமருந்து வந்த பையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. படம் அச்சடித்து, மேலே பளபளப்பாகப் பிலிம் ஒட்டிய மாட்டுத்தீவனச் சாக்கு இவற்றைவிட மேல். கழுவிக் காயவைத்தால் தேங்காய், புல், தட்டு கொண்டுவர நன்றாக உழைக்கும். ஆனால் தையல் இருக்கும் வாயிலும் அடியிலும் நீர் புகும். வெயிலில் சில மாதம் கிடந்தால் இழை நொறுங்கும். நனையக் கூடாத பொருளுக்கு டிரை பேக்தான்.

துளை போடாதீர்கள்

பலரும் செய்கிற தவறு, டிரை பேக்கிலேயே துளை போட்டுக் கொக்கியை மாட்டுவது. துளை விழுந்த அன்றே அது சாதாரணப் பை ஆகிவிடும். எடை தாங்காமல் துளையும் கிழிந்துகொண்டே போகும். சரியான முறை இதுதான்: கொக்கி பலகையில் இருக்க வேண்டும், பை பலகையோடு நாடாவால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பாரத்தைப் பலகை சுமக்கும், மழையைப் பை தடுக்கும்.

9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் சுமார் 30 சென்டிமீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். உடைந்த பிளாஸ்டிக் டிரம்மின் தட்டையான பாகம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஊறாது. பிளைவுட் என்றால் ஓரங்கள் உட்பட இரண்டு கோட் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். மூலைகளை உருட்டித் தேய்த்துவிடுங்கள். கூரான மூலைதான் பையைக் கிழிக்கும் முதல் எதிரி. பலகையின் முன்பக்கக் கீழ் மூலையைச் சாய்வாக அறுத்துவிட வேண்டும். பெடல் மிதிக்கும்போது குதிகால் படுவது அந்த இடத்தில்தான்.

பலகையின் மேல் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கொக்கிகள். 6 மில்லிமீட்டர் கம்பியை வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் வளைத்துத் தருவார்கள். கொக்கியின் வாய் கேரியர் கம்பியில் இறுக்கமாக உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் பள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும். கொக்கிக்குப் பழைய ட்யூப் துண்டை மாட்டிவிட்டால் சத்தமும் வராது, கேரியரும் தேயாது. போல்ட்டின் தலை பைப் பக்கமும் நட்டு சக்கரத்தின் பக்கமும் வரட்டும். தலை உருண்டையாக இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு ரப்பர் துண்டை ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது நாடா. பள்ளிப் பைக்குப் போடும் ஓர் அங்குல நைலான் நாடாவும் பிளாஸ்டிக் பக்கிளும் பை தைக்கிற கடையில் கிடைக்கும். பலகையில் நீளவாக்கில் பிளவு போட்டு, குறுக்கே இரண்டு நாடா, அடியைத் தாங்கி மேலே வருகிற மாதிரி ஒரு நாடா கோர்க்க வேண்டும். அடி நாடாவை விட்டுவிட்டால் பை நாளடைவில் நழுவிக் கீழே இறங்கும். வெட்டிய நாடா நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் பிரியாது.

இனி முக்கியமான இடம். பை அசைந்து சக்கரத்துக்குள் போய்விடக் கூடாது. ஆரக்கம்பியில் பையோ நாடாவோ சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுகிறவர் தூக்கி எறியப்படுவார். ஆகவே, பலகையின் கீழ்ப்பக்கத்தைக் கேரியரின் காலோடு ட்யூப் ரப்பரால் இழுத்துக் கட்டுங்கள். பின் ஆக்சில் நட்டில் கட்டலாம் என்று தோன்றும். ஆனால் நம் ஊர்க் கனச் சைக்கிள்களில் பின்சக்கர ஸ்டாண்டு அந்த இடத்தில்தான் திரும்புகிறது. ஸ்டாண்டைத் தள்ளும்போது ரப்பர் அறுந்துவிடும். நாடாவின் மிச்ச நுனி ஒன்றுகூடத் தொங்கக் கூடாது. மடித்து உள்ளே செருகிவிடுங்கள்.

பள்ளியில் தந்த இலவசச் சைக்கிளிலும் இதை மாட்டலாம். ஆனால் அவற்றின் கேரியர் கம்பி சற்று மெல்லியதாக இருந்தால் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேரியர் கால்களின் நட்டுகளை முதலில் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை மாட்ட வேண்டும். பை மாட்டியிருக்கும்போது கேரியரில் குழந்தையை உட்கார வைக்கவே கூடாது. கால் வைக்க இடம் இருக்காது.

மூன்று சுற்று

20 லிட்டர் பையில் 20 லிட்டரும் அடைக்க முடியாது. வாயைக் குறைந்தது மூன்று சுற்று உருட்டினால்தான் நீர் புகாது. அதற்கே பையில் கால் பங்கு போய்விடும். மிச்சத்தில் சுமார் 12 கிலோ அரிசி பிடிக்கும். 20 கிலோ ரேஷன் அரிசி வாங்கும் குடும்பம் பக்கத்துக்குப் பத்துக் கிலோவாகப் பிரித்துப் போட்டால் கணக்குச் சரியாக இருக்கும். உருட்டும் முன் உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிடுங்கள். கனமான பொருள் அடியிலும் பலகையை ஒட்டியும் இருக்கட்டும். இரு பக்கத்து எடையும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசப்படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்கியவுடன் ஒரு சோதனை. பையில் காற்றை அடைத்து, வாயை உருட்டிப் பூட்டி, ஓரங்களில் சோப்பு நீரைத் தடவி அமுக்குங்கள். நுரை குமிழியிட்டால் அந்த இடத்தில் ஓட்டை. கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளலாம். பின்னாளில் கிழிந்தால், பஞ்சர் கடைச் சொல்யூஷன் பிவிசியில் சரியாகப் பிடிக்காது. லாரித் தார்ப்பாய் ஒட்டுகிறவர்களிடம் கொடுத்தால் வேலை நிற்கும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. சைக்கிள் பயணிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. பறித்த பிறகும் கீரையும் காயும் மூச்சு விடும். சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றும். காற்றுப் புகாத பையில் அடைத்து வெயிலில் போனால் ஒரு மணி நேரத்தில் வெந்த மாதிரி ஆகிவிடும். அதனால் கீரை, கறிவேப்பிலை, பூ இவற்றை ஏற்றும்போது வாயைத் திறந்தே வையுங்கள். சாரல் வலுத்தால் மட்டும் மடித்துவிட்டால் போதும். உருட்டிப் பூட்டுவது அரிசி, உரம், விதை, காகிதம் போன்றவற்றுக்குத்தான். விதையையும் பூட்டிய பையோடு வெயிலில் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. சூட்டில் முளைப்புத்திறன் கெடும். புதுப் பையில் பிவிசி வாடை இருக்கும். உணவுப் பொருளை மஞ்சப்பையிலோ வேட்டித் துணியிலோ கட்டி உள்ளே வைத்தால் வாடை ஏறாது. உரத்துக்கு ஒரு பை, உணவுக்கு ஒரு பை என்று நிறத்தை வைத்துப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. பாரமும் சேர்ந்தால் வண்டி நிற்க இன்னும் தூரம் பிடிக்கும். பாலக்காட்டு ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பையின் பின்பக்கம் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இருட்டோடு கிளம்புகிறவர்களுக்கு அது அவசியம்.

வீடு வந்ததும் பையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு உருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிலக்கடலையோ மக்காச்சோளமோ ஏற்றிய வாடை இருந்தால் எலி ஒரே இரவில் கடித்துவிடும். கம்பியில் மாட்டுவதே நல்லது. மலையடிவாரத் தோட்டங்களில் இருப்பவர்கள் அரிசியைப் பையோடு திண்ணையில் விட்டுவைக்காதீர்கள். அரிசி வாடைக்கு யானை வரும் ஊர் இது.