ஓர் இரவுக்கு அனுப்பி வையுங்கள்

மும்பைக் கல்லூரி மாணவிகள் ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கிராமங்களுக்குப் போகிறார்கள். காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த நம் பிள்ளைகளும் இப்படிப் போய்வருகிறார்கள். பகலெல்லாம் கணக்கெடுப்பு, தெரு நாடகம், துப்புரவு வேலை என்று கழிகிறது. பொழுது சாய்ந்ததும் ஊர்ச் சிறுமிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாணவிகள் தங்குமிடத்தில் பாய் விரிப்பார்கள். அந்த இரவுகளில் ஒன்றுக்கு ஊர்ச் சிறுமிகளையும் அழைத்துத் தங்கவைக்க வேண்டும் என்பதே என் வாதம். பார்க்க வெறும் விளையாட்டுபோலத் தோன்றினாலும், ஏழு நாள் வேலைகளில் நெடுநாள் பயன் தரக்கூடியது அதுதான் என்று நினைக்கிறேன்.

சிறுமிகளிடம் பகலிலேயே பேசிவிட்டால் போதாதா? பெண்பிள்ளைக்குப் பகல் சொந்தமில்லை. 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்களில் அவ்வேலை செய்வோர் 97 நிமிடங்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு! இந்தப் பயிற்சி சிறுமியாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கிராமத்தில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் கூட்டத்துக்கு வருகிறாள். தாராவியில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை ஒட்டித்தான் அவள் விடியல் அமைகிறது. யாரும் கூப்பிடாத, எந்த வேலையும் காத்திராத நாலு மணி நேரம் கிடைக்க வேண்டுமென்றால், சாப்பாடு முடிந்த பிறகு, வீட்டைவிட்டுத் தள்ளி இருந்தால்தான் கிடைக்கும்.

ஆனால் இந்த ஓர் இரவு சிறுமியைவிட அவள் பெற்றோருக்கே அதிகம் தேவை. தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21), சந்தை, மருத்துவமனை, ஊருக்கு வெளியே என மூன்று இடங்களுக்கும் தனியாகப் போக அனுமதி உள்ள பெண்கள் 42 சதவீதமே. ஆக, உள்ளூர்ப் பள்ளியில் வகுப்பு முடிகிற இடத்தில் மகளின் படிப்பும் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்ட விடுதி வேண்டும். 2004-ல் மத்திய அரசு கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாக்களை உண்டுறைப் பள்ளிகளாகத் தொடங்கியதும், அவற்றில் நான்கில் மூன்று பங்கு இடங்களைத் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மைச் சிறுமிகளுக்கு ஒதுக்கியதும் இதை உணர்ந்துதான். உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் 1999-ல் தொடங்கிய 'உடான்' முகாம், படிக்காமல் வளர்ந்த சிறுமிகளைத் தங்கவைத்துப் பதினோரு மாதங்களில் ஐந்தாம் வகுப்புத் தரத்துக்குக் கொண்டுவந்தது. 1990-களில் ரங்காரெட்டி மாவட்டத்தில் எம்.வி. அறக்கட்டளையின் தங்கும் முகாம்கள் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பின. அந்த அறக்கட்டளையை வழிநடத்திய சாந்தா சின்ஹாவுக்கு 2003-ல் மகசேசே விருது கிடைத்தது. இவையெல்லாம் மாதக்கணக்கில் நடந்தவை. ஓர் இரவுகூட மகளைப் பிரிந்திராத தகப்பனிடம் நேரே போய்ப் பதினோரு மாதம் கேட்டால் என்ன சொல்வார்? முதலில் ஓர் இரவு கேட்கலாம். பத்திரமாகத் திரும்பி வந்தாள் என்று அவரே கண்ணால் கண்டால், அடுத்த பேச்சுக்கு வழி பிறக்கும்.

இப்படிக் கூடித் தங்கும் வெள்ளைக்காரன் பழக்கம் நமக்கெதற்கு என்பார்கள். 1995-ல் ருமேனியாவில் அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்களும் உள்ளூர் ஆசிரியர்களும் பெண்களுக்காக நடத்திய ஒரு வார முகாம் பல நாடுகளுக்குப் பரவியது உண்மைதான். ஆனால் வைகுண்ட ஏகாதசியன்று பரமபதம் உருட்டி விடிய விடிய விழித்திருந்த வீடுகள் நம்முடையவை. மராத்தி வீடுகளில் சிராவண மாதச் செவ்வாயன்று மங்களகௌர் கும்பிட்டுவிட்டு, புதுமணப் பெண்கள் ஃபுகடியும் ஜிம்மாவும் ஆடி இரவைக் கழிப்பார்கள். பெண்கள் கூடி விழித்திருப்பது நமக்குப் புதிதில்லை. சாமி பெயரில் கிடைத்த அனுமதியைப் படிப்பின் பெயரில் கேட்கிறோம், அவ்வளவே.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. 'வயசுக்கு வந்த பிள்ளையை எப்படிங்க அனுப்புறது?' என்று கேட்கும் தாய் பிற்போக்குவாதி அல்ல, கவனமானவள். அவளுக்குப் பதில் ஏற்பாட்டில்தான் இருக்க வேண்டும். இடம் யாருடைய வீடாகவும் இல்லாமல் பள்ளியாக இருக்கட்டும். உள்தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள கழிப்பறை இல்லையென்றால் நிகழ்ச்சியே வேண்டாம். இரவு முழுக்கக் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் அங்கன்வாடி ஊழியர்போல ஊர் அறிந்த பெண்ணாக இருப்பது நல்லது. விரும்பும் தாயும் கூடவே தங்கலாம். சந்தேகப்படும் தாயை வலிந்து அழைக்க வேண்டும். நாப்கின் கேட்காமலே எடுக்கிற இடத்தில் இருக்கட்டும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. ஒரு படம் பரவினால் அடுத்த ஆண்டு யாரும் அனுப்ப மாட்டார்கள்.

இதைவிடக் கடினமானது, நள்ளிரவில் வரும் பேச்சு. விளக்கை அணைத்தபின் சிறுமிகள் பகலில் சொல்லாததைச் சொல்வார்கள். 'யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா' என்று கை பிடிக்கும்போது, சரி என்று வாக்குக் கொடுக்கத் தொண்டருக்கு உரிமையில்லை. 2012-ன் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே எந்த மாதிரி விஷயத்தை மறைக்க முடியாது என்பதை இரவு தொடங்கும்போதே எளிய சொற்களில் சொல்லிவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைக்கலாம். அந்தச் சேவையே 1996-ல், செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாக மும்பையில் பிறந்ததுதான்.

வெளியே சொல்லப்படாத ஓர் ஆட்சேபமும் உண்டு. யார் சமைக்கிறார்கள், யார் பக்கத்தில் யார் பாய்? பாதுகாப்பு என்ற பேச்சுக்குள் சாதி ஒளிந்திருப்பதுண்டு. இங்கே தொண்டர் வளைந்துகொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒரே பானைச் சோறு, ஒரே வரிசைப் பாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதனால் நாலு பேர் வராமல் போனால் போகட்டும். தனிப் பந்தி வைத்து எண்ணிக்கையைக் கூட்டினால், நம்பிக்கை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பழைய பிரிவினைக்கே இன்னோர் இரவைக் கொடுத்ததாகும்.

ஓர் இரவால் கல்யாண வயது உயர்ந்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி முகாம் கலைந்துபோனால் முயற்சியும் கலையும். அதனால் அழைப்பு ஊர்ப் பள்ளி ஆசிரியையின் பெயரில் போகட்டும். கல்லூரி மாணவிகள் அவருக்கு ஒத்தாசை செய்யட்டும். மறுநாள் காலை வீடுவீடாகச் சென்று பிள்ளையை ஒப்படைக்கும்போது, தாலுகாவில் எந்த விடுதி இருக்கிறது, விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்ற தகவல் கையில் இருக்க வேண்டும். அதையெல்லாம் தாயிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. தகப்பன் வேலைக்குக் கிளம்புமுன் போய்ச் சேர வேண்டும்.