பிறப்பும் வளர்ப்பும்

“நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. “சேர்க்கையாற் கெட்டான்” என்று சொல்வதும் அதே வாய்தான். வள்ளுவப் பெருந்தகையாரும் குடிப்பிறப்பின் சிறப்பை உரைக்கக் ‘குடிமை’ என ஓர் அதிகாரமும், தீயோர் கூட்டுறவை விலக்கச் ‘சிற்றினஞ்சேராமை’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தருளினார். ஒருவன் தீநெறிப்படுதற்குக் காரணம் பிறப்போ, வளர்ப்போ என்னும் வினா பழையது. ஆசிரியராகிய நமக்கோ அது நாள்தோறும் எதிர்ப்படும் வினா. களவெடுத்த சிறுவனையோ, உடன்பயில்வானை அடித்துக் காயப்படுத்தியவனையோ கண்டவுடன், “தகப்பனும் இப்படித்தான், இரத்தத்தில் ஊறியது” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். யானும் அவ்வாறு கூறியதுண்டு. அத்தீர்ப்பு எத்துணை பொருத்தமுடையது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி மேனாட்டிலே முன்னர்ப் பெருந்தவறொன்றுக்கு வழிகோலியது. 1874 இல் நியூயோர்க் மாநிலத்துச் சிறைகளைப் பார்வையிட்ட றிச்சட் டக்டேல் என்பார், ஒரு சிறையிலே ஒருவர்க்கொருவர் உறவினரான அறுவர் இருத்தலைக் கண்டார். அக்குடியிற் பிறந்தாரும் மணவழி வந்தாருமாக 709 பேரின் வரலாற்றைத் திரட்டி, ‘யூக்ஸ்’ என்னும் புனைபெயர் தந்து 1877 இல் நூலாக வெளியிட்டார். சூழலைத் திருத்தினாற் குடியும் திருந்தும் என்பதே டக்டேல் கொண்ட நம்பிக்கை. பின்வந்தோரோ அதனை விடுத்து, தீமை இரத்தத்திலேயே உள்ளது என்பதற்கு அந்நூலைச் சான்றாக்கினர். அக்கொள்கை வளர்ந்து, ‘தகுதியற்றோர்’ எனப்பட்டவருக்குக் கட்டாயமாகக் கருத்தடை செய்யும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலே தோன்றின. 1927 இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமே அத்தகைய சட்டமொன்றைச் செல்லுமென ஏற்றது. ஒரு குடும்பத்தார் இரத்தத்தை மட்டுமன்றி, ஒரே வீட்டையும் ஒரே வறுமையையும் பங்கிட்டு வாழ்கின்றனர் என்பதை அவர்கள் மறந்தனர்.

இவ்விரண்டையும் பிரித்தறியப் பிற்கால ஆய்வாளர் இரட்டையரையும் தத்துப் பிள்ளைகளையும் நாடினர். ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் பரம்பரையலகுகளில் ஒத்தவர். இரு கருவாய்த் தோன்றிய இரட்டையர் ஏனைய உடன்பிறந்தாரைப் போல ஏறக்குறையப் பாதியளவே ஒத்தவர். இவ்விரு திறத்தாரின் நடத்தையை ஒப்பிட்டால் பரம்பரையின் பங்கு புலனாகும். இவ்வகை ஆய்வுகள் 51 ஐ ஒருங்கு திரட்டி றீ, வால்ட்மன் என்னும் இருவர் 2002 இல் ஆராய்ந்தனர். சமூகவிரோத நடத்தையிலே மாந்தர்க்கிடையே காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு 41 பங்கு பரம்பரையாலும் 59 பங்கு சூழலாலும் விளைவதாக அவர்கள் கணித்தனர். இது மக்கட் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு சிறுவன் செய்த களவிலே 41 பங்கு தகப்பனுடையது என்று கொள்ளுதல் பிழை.

பிறப்பும் வளர்ப்பும் தனித்தனி நின்று செயற்படுவனவல்ல என்பதை நியூசிலாந்தின் டனீடின் நகரத்து ஆய்வொன்று காட்டிற்று. அங்கே 1972, 1973 ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1,037 பிள்ளைகளை ஆய்வாளர் சிறுபராயந் தொட்டுத் தொடர்ந்து அவதானித்தனர். நரம்புக் கலங்களிடையே செய்தி காவும் இரசாயனப் பொருள்களைச் சிதைத்து அளவுபடுத்தும் நொதியமொன்று நம் மூளையில் உண்டு. மொனோவமைன் ஒட்சிடேசு ஏ என்பது அதன் பெயர். அதனை ஆக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆதலின் ஆண்மக்களுக்கு அஃது ஒன்றே வாய்க்கும். அவ்வலகு சிலரிடத்து நொதியத்தைக் குறைவாகவும் சிலரிடத்து மிகுதியாகவும் ஆக்கும். அவ்சலோம் காஸ்பி, தெரி மொவிற் முதலியோர் அவ்வாண்மக்களுள் 442 பேரை இவ்வகையால் ஆராய்ந்து, 2002 இல் தம் முடிபை வெளியிட்டனர்.

குறைந்த நொதியமும் பிள்ளைப் பருவத்துக் கொடுமையும் ஒருங்கே வாய்த்தவர் நூற்றுக்கு 12 பேரே. ஆயினும் வன்செயற் குற்றத் தீர்ப்புகளில் நூற்றுக்கு 44 அவர்கள்மேல் வந்தவை. அதே குறைந்த நொதியத்தோடு பிறந்தும் கொடுமை காணாது வளர்ந்தோரோ ஏனையோரினும் தீயவராகவில்லை. இவ்விடத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பிறப்பு வேறாகவில்லை, வீடே வேறாயிற்று.

எனினும் இவ்வோரலகே குற்றத்தின் வித்து என எண்ணற்க. பின்வந்த ஆய்வுகளுட் சில இம்முடிபை உறுதிப்படுத்தின, சில உறுதிப்படுத்தவில்லை. ஒவ்வொன்றும் சிறு பங்கே உடைய அலகுகள் பல கூடியே ஒருவன் இயல்பை ஆக்குகின்றன.

நல்ல சூழல் எவ்வளவு செய்யவல்லது என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. 1962 முதல் 1967 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரிலே, வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைத் தேர்ந்தனர். அவர்களுள் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதிலே நல்ல பாலர் கல்வி அளித்தனர்; ஆசிரியைமார் வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்று தாய்மாரோடும் அளவளாவினர். ஏனைய 65 பேருக்கு அவ்வாய்ப்பு இல்லை. நாற்பது வயதளவில், ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர், கல்வி பெற்றோருள் நூற்றுக்கு 36 பேர். பெறாதோருள் 55 பேர். பாலர் வகுப்பு எல்லாரையும் காத்துவிடவில்லை. ஆனாற் பலரைக் காத்தது. ஐந்தில் வளைத்தலின் பயனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனை எண்ணால் அளந்து காட்டியது இவ்வாய்வு.

மாணவனின் பரம்பரையலகை மாற்ற ஆசிரியனால் இயலாது. தீயதோர் இயல்பு ஒருவனிடத்து உறங்கிக் கிடப்பினும், அதனை அடித்தெழுப்பாதிருக்க அவனால் இயலும். பிரம்போடு வகுப்பிற் புகும் ஆசிரியனும், ஏளனச் சொல் உதிர்க்கும் ஆசிரியனும் அச்சிறுவனின் சூழலிலே ஒரு பகுதி என்பதை மறத்தலாகாது. “தகப்பனும் இப்படித்தான்” என்று நா எழும்போது, நேற்றிரவு அவன் வீட்டில் நடந்தது யாதென முதலிற் கேட்டறிவோமாக.